பொட்டு வைத்த கேசட்

அக்காவிடம் யாரும் "எப்படி?" என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் தொலைந்தோம். சாம்பார் நன்றாக இருக்கிறதே, எப்படி வைத்தீர்கள் என்று வாய் தவறிக் கேட்ட பாவத்துக்கு, பருப்பு வாங்கிய கடையிலிருந்து ஆரம்பிப்பாள். அதோடு விடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கே வந்து அடுப்பைப் பற்றவைத்துக் காட்டிவிட்டுத்தான் போவாள். தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியாது. அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியாதது என்று நான் கேலி செய்வேன்.

நாங்கள் இரண்டு பேரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் எலக்ட்ரானிக் தராசு செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தோம். மளிகைக் கடைகளில் தட்டுத் தராசு போய், நம்பர் எரிகிற தராசு வந்துகொண்டிருந்த தொண்ணூறுகள். நான் கொரட்டூரிலிருந்து வந்து லைனில் உட்கார்ந்து சால்டரிங் பண்ணுவேன். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, லைனில் எல்லாருக்கும் அவள் அக்கா. டெஸ்டிங்கில் இருந்தாள். அவள் பிறந்த வீடு கள்ளிக்குப்பம். அவள் அப்பா அங்கே வயலில் கூலிக்கு நட்டவர். வயல் பிளாட் ஆனதும் எஸ்டேட்டில் மூட்டை தூக்கப் போனவர். மகளை டிப்ளமா படிக்கவைத்தார். கல்யாணமாகி ஆவடியில் பாக்டரி குவார்ட்டர்ஸுக்குப் போன பிறகும் அவள் பேச்சில் கள்ளிக்குப்பம் அப்படியே இருந்தது.

எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பாள். கடிகாரம், ரேடியோ, என் டிபன் பாக்ஸ், எதுவானாலும். அப்புறம் கொண்டையில் செருகியிருக்கும் டெஸ்டரை உருவித் திறந்துவிடுவாள். கைப்பையில் மெரூன் நிறத்தில் பெரிய ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று எப்போதும் இருக்கும். அது நெற்றிக்கு மட்டுமல்ல. எங்கள் தராசுக்குள் வைக்கிற சிப்பின் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் ஒன்று உண்டு. அதன் வழியாக ஊதா வெளிச்சம் பட்டால் சிப்பில் எழுதியது அழிந்துபோகும். பிறகு புதிதாக எழுதிக்கொள்ளலாம். எழுதியது அழியாமலிருக்க அந்த ஜன்னலை மூடவேண்டும். மற்றவர்கள் டேப் ஒட்டுவார்கள். அக்கா பொட்டு ஒட்டுவாள். "லட்சுமிகரமா கீதா இல்லியா?" என்பாள்.

ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் நின்ற ஒரு மனிதர் மரியாதையாகப் பேச்சுக் கொடுத்தார். தராசு கம்பெனியிலா வேலை, தட்டை வைத்த பிறகும் உங்கள் தராசில் சரியாகப் பூஜ்யம் காட்டுகிறதே, அது எப்படியம்மா என்றார். நான் அவள் காலை மிதித்தேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் சம்பளக் கவரைப் பிடுங்கி அதன் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கி, கவரை அவரிடமே கொடுத்தும் விட்டாள். அந்த மனிதர் எங்களுக்குப் பின் தெருக் கம்பெனிக்காரர். கொஞ்ச நாளில் அவர்கள் தராசும் பூஜ்யம் காட்டியது.

சூப்பர்வைசர் சார் தலையில் அடித்துக்கொண்டார். "உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்மா."

"கேட்டாரு, சொன்னேன் சார். தெரிஞ்சத வெச்சிகினு தெரியாதுன்னு எப்டி சார் சொல்றது?"

எனக்கு எரிச்சலாக வந்தது. நானெல்லாம் பூத்தையல் டிசைனைக்கூட அடுத்த வீட்டுக்காரிக்குக் காட்டமாட்டேன். அது என் பிழைப்பு இல்லை, பொழுதுபோக்குத்தான். இருந்தாலும் காட்டமாட்டேன். இவள் பிழைப்பையே எடுத்து நீட்டுகிறாளே!

அக்காவின் கொழுந்தன் அப்போது அம்பத்தூர் ஓ.டி.யில் வீடியோ கேம் கடை போட்டான். இரண்டு டி.வி., இரண்டு கேம் பெட்டி. நல்ல பையன், சிரித்த முகம். ஒரு பெட்டி பர்மா பஜாரில் வாங்கிய மலிவு ரகம். இன்னொன்று யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த அசல்; அதைத் தினமும் துடைத்துத் துடைத்து வைப்பான். விளையாட்டெல்லாம் கேசட்டில் வரும். ஒரு கேசட் ஓடாமல் போனதும் அண்ணியிடம் கொண்டுவந்து கொடுத்தான்.

அக்கா குலுக்கினாள், திறந்தாள். உள்ளே இரண்டு சிப்பு. சாப்பாட்டு நேரத்தில் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏண்டி, இது நம்ம தராசுதாண்டி!" என்றாள். ஒரு சிப்பில் படங்கள், இன்னொன்றில் அந்தப் படங்கள் எப்படி ஓடவேண்டும் என்கிற கணக்கு, அவ்வளவுதான் என்றாள். பெட்டியின் மூளையும் அவள் டிப்ளமா படிக்கும்போது பழகிய பழைய கம்ப்யூட்டரில் இருந்த ரகமாம். "நாம எழுதிப் போட்டா ஓடாதா இன்னா?" என்று கேட்டாள். தன்னைத்தானே "எப்படி" என்று கேட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதை அன்றிலிருந்து பார்த்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் அவள் வேறு எதையும் நினைக்கவில்லை.

விளையாட்டுக்குப் பெயர் 'சங்கு ஊதுறதுக்குள்ள'. ஒரு பெண் காலையில் டிபன் பாக்ஸோடு வீட்டிலிருந்து கிளம்புகிறாள். கம்பெனிச் சங்கு ஊதுவதற்குள் போய்ச் சேரவேண்டும். வழியில் ரயில்வே கேட் மூடியிருக்கும். கூட்ஸ் வண்டி நகராது. ஏரியிலிருந்து எருமைகள் ஏறி வரும். தண்ணி லாரி சேற்றை அடித்துவிட்டுப் போகும். கடைசியில் வாட்ச்மேன் கேட்டை இழுத்து மூடிக்கொண்டிருப்பான். நுழைந்துவிட்டால் அட்டையில் 'டக்' என்று நேரம் விழும். இல்லையென்றால் திரையில் தமிழில் 'அரை நாள் கட்' என்று வரும். அந்தத் தமிழ் எழுத்தையும் அவளேதான் கட்டம் கட்டமாகச் செய்தாள்.

படங்கள் நான் போட்டவை. பூத்தையலில் ஒவ்வொரு கட்டமாக எண்ணித்தானே பூவைக் கொண்டுவருகிறோம், இதுவும் அதுதான் என்று கிராப் தாளை என் மடியில் போட்டாள். ஓர் உருவத்துக்கு மூன்றே நிறம்தான் பெட்டி கொடுக்கும். முகத்துக்கு ஒன்று, முடிக்கு ஒன்று, புடவைக்கு ஒன்று. டிபன் பாக்ஸுக்கு முடியின் கறுப்பையே கொடுத்தோம். பொட்டுக்கு நிறம் மிச்சமில்லை. பொட்டு இல்லாமல் ஓடவிடமாட்டேன் என்று அக்கா பிடிவாதமாக நின்றாள். பச்சைப் புடவையைச் சிவப்பாக்கி, அதிலிருந்து ஒரு புள்ளியை நெற்றிக்கு எடுத்தேன். எருமை மட்டும் முதல் தடவையே நன்றாக வந்தது. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

வேலை நேரம் முடிந்ததும் கம்பெனிக் கம்ப்யூட்டரையும் சிப்பில் எழுதுகிற கருவியையும் அழிக்கிற பெட்டியையும் உபயோகித்துக்கொள்ள சார் சம்மதித்தார். திட்டுவாரே தவிர மனசு நல்லது. சிப்புகள் தயாரானதும் பொட்டு ஒட்டி, பழைய கேசட்டுக்குள் வைத்து, கொழுந்தன் கடைக்கு எடுத்துப் போனோம். மலிவுப் பெட்டியில் சட்டென்று ஓடியது. முதலில் அவள் பெயர் வந்தது, கீழே என் பெயர். டி.வி.யில் என் பெயரைப் பார்த்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

சிங்கப்பூர்ப் பெட்டி ஏற்றுக்கொள்ளவில்லை.

"இன்னா அண்ணி, கண்ண கண்ண சிமிட்டிகினு கீது?" என்றான் கொழுந்தன்.

அக்கா இரண்டு பெட்டிகளையும் திறந்து பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். மலிவுப் பெட்டியில் இல்லாத ஒரு குட்டிச் சிப்பு அசல் பெட்டியில் இருந்தது. "இவன்தான் வாட்ச்மேன். கம்பெனிக்காரன் கேசட்டா பார்த்துதான் உள்ள உடுவான்" என்றாள். அந்தச் சிப்பின் கம்பிக் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, ஒன்றைக் கட்டரால் நறுக்கினாள். கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டான். பெட்டியை மூட்டி கேசட்டைப் போட்டதும் எங்கள் சிவப்புப் புடவைக்காரி ஓட ஆரம்பித்தாள்.

அந்தச் சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு லைன் பெண்கள் எல்லாரும் கடைக்குப் போனோம். எங்கள் இருவரைத் தவிர அந்தக் கடைக்குள் அதுவரை ஒரு பெண்ணும் நுழைந்ததில்லை. பையன்கள் பயந்துபோய் எழுந்து இடம் கொடுத்தார்கள். எருமை வந்தால் ஒரே கூச்சல். "குதி, குதிடீ!" "ஐயோ, கேட்ட மூட்றாண்டி பாவி!" பேக்கிங்கில் இருந்த ஒரு வயசான அம்மா, அரை நாள் கட் ஆனதும் நிஜமாகவே வாட்ச்மேனைத் திட்டினார். அக்கா விளையாடவில்லை. எங்களுக்குப் பின்னால் நின்று எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "ஊர்ல கீற எல்லாக் கடையிலயும் இது ஓடணும்டி. நம்ம பொம்பளைங்க ஓட்ற ஓட்டத்த எல்லாரும் ஓடிப் பாக்கணும்" என்றாள். அவள் தனக்கென்று ஆசைப்பட்டுச் சொன்ன ஒரே வார்த்தை அது.

ஆனால் எங்களுக்கு வாரத்தில் அந்த ஒரு பொழுதுதான். கடைக்குத் தினமும் வருகிறவர்கள் பையன்கள். அவர்கள் கொஞ்ச நேரம் ஓடிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, ஓடினே கீறா? யாரையும் சுடவே மாட்டாளா?" என்று கேட்டு, சண்டை கேசட்டுக்கு மாறிவிட்டார்கள்.

கொழுந்தன் வேறொன்றைக் கவனித்திருந்தான். அண்ணி செய்த கேசட்டை இந்தப் பெட்டி ஏற்றுக்கொள்கிறதென்றால், எவன் செய்ததையும் ஏற்றுக்கொள்ளும். "அண்ணி, அந்தச் சண்ட கேசட்ல கீறத அப்டியே வேற சிப்புல எடுக்க முடியுமா? எப்டி அண்ணி?"

எப்படி என்று கேட்டுவிட்டான். அக்கா உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். ஒரு சிப்பைப் படிப்பது எப்படி, இன்னொன்றில் எழுதுவது எப்படி, வாட்ச்மேனின் எந்தக் காலை நறுக்குவது, எல்லாம். அவன் பழைய எழுதும் கருவி ஒன்றையும் அழிக்கிற பெட்டி ஒன்றையும் எலக்ட்ரானிக் சாமான் விற்கிற ரிச்சி தெருவில் வாங்கிப் போட்டான். அசல் கேசட் வாங்க முடியாத வீடுகளுக்கெல்லாம் காப்பி கேசட் போயிற்று. அது தப்பா சரியா என்று எனக்கு அப்போது தெரியாது; யாரும் அப்படி யோசிக்கவும் இல்லை. ஆவடியிலிருந்து கடைக்காரர்கள் வந்தார்கள். பூந்தமல்லியிலிருந்து, நசரத்பேட்டையிலிருந்து வந்தார்கள். பெட்டியை அக்காவின் குவார்ட்டர்ஸ் வாசலில் வைத்துக்கொண்டு, "அக்கா, அந்தக் கால எப்டி நறுக்கறது?" என்று நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னாள். எல்லாருக்கும் தன் விளையாட்டையும் போட்டுக் காட்டுவாள். "இதையும் எடுத்துகினு போங்களேன்" என்பாள். சிரிப்பார்கள், தலையாட்டுவார்கள். எடுத்துப்போவது சண்டையும் கார் ரேஸும்தான்.

"அக்கா, அவனுங்க கிட்ட பேரம் பேசு. உன் கேசட்டயும் கடைல வெச்சாதான் சொல்லித்தருவேன்னு சொல்லு" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அதெப்டிடி? கேக்கறவன் நின்னுகினு கீறான்."

கொஞ்ச நாள் கழித்துக் கடையில் அவள் கேசட்டைக் காணோம். கொழுந்தன் தலையைச் சொறிந்தான். ஆள் வரவில்லை, சிப்பு தட்டுப்பாடு, அதனால் அழித்துக் கார் ரேஸ் எழுதிவிட்டதாகச் சொன்னான். "உங்கிட்ட இன்னொண்ணு கீதே அண்ணி" என்றான்.  வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்ட அக்கா வீட்டில் இன்னொரு கேசட் வைத்திருந்தது நிஜம்.

அந்த வருஷம் அரையாண்டு லீவுக்கு முந்தின ஞாயிறு, நான் அவள் வீட்டில் இருந்தபோது கொழுந்தன் வந்தான். நசரத்பேட்டைக் கடைக்கு மறுநாள் புதுச் சண்டை கேசட் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டானாம். ரிச்சி தெருவில் சிப்பு இல்லை. ஒரே ஒரு ஜோடி குறைகிறது. "உன்னுது சும்மாதானே கீது அண்ணி" என்றான். கெட்ட எண்ணமே இல்லாமல்தான் சொன்னான். அதுதான் எனக்கு ஆத்திரம்.

"குடுக்காதக்கா" என்றேன்.

"எழுதினதெல்லாம் கம்ப்யூட்டர் ப்ளாப்பில கீதுடி. எப்ப வேணா எழுதிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே அவள் கேசட்டைத் திறந்தாள். நகத்தால் கிள்ளி முதல் சிப்பின் பொட்டை எடுத்தாள். அடுத்ததையும் எடுத்தாள். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கொழுந்தன் சிப்புகளைத் தாளில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தான். அக்கா எடுத்த பொட்டு இரண்டையும் கதவு நிலையில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

பொங்கல் கழிந்து ரிச்சி தெருவுக்குச் சிப்பு வந்தது. அக்கா ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு ப்ளாப்பியைக் கம்பெனிக்கு எடுத்துவந்தாள். கம்ப்யூட்டரில் போட்டாள். கரகரவென்று சத்தம் வந்ததே தவிர, ஒன்றும் படிக்கவில்லை. எடுத்துப் பார்த்தோம். அந்தக் காலத்துப் பெரிய ப்ளாப்பி. அதன் உறையில் தகடு தெரிகிற மாதிரி ஒரு நீளத் திறப்பு இருக்கும். அந்தத் திறப்பு ஓரத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அக்கா மூக்கருகே கொண்டுபோனாள். சந்தனம்.

போன சரஸ்வதி பூஜையன்று, அவளோடு இருந்த மாமியார், வீட்டிலிருந்த தொழில் சாமான்களையெல்லாம் சாமிமுன் வைத்திருக்கிறார். மகனின் ஸ்பேனர், சின்னவனின் எழுதும் கருவி, மருமகளின் டெஸ்டர். கூடவே, மருமகள் வருஷக்கணக்கில் உழைத்தது இதற்குள்ளேதான் இருக்கிறதாமே என்று அந்தக் கறுப்புத் தகட்டையும் வைத்து, நாலு விரலால் சந்தனம் தடவி நடுவில் குங்குமமும் இட்டிருக்கிறார். மறுநாள் ஈரத்துணியால் பத்திரமாகத் துடைத்து பீரோவில் வைத்தும் இருக்கிறார். அந்த அம்மாவை என்ன சொல்வது? அந்த வீட்டில் அதற்கு மரியாதை செய்த ஒரே ஆள் அவர்தான். அக்காவும் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை.

ஊருக்கெல்லாம் காப்பி போடச் சொல்லிக்கொடுத்தவள், தனக்கென்று ஒரு காப்பி போட்டு வைத்துக்கொள்ளவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. கோபம் அவள்மேலா, அவளிடம் கேட்டவர்கள்மேலா என்றும் தெரியவில்லை.

"கிராப் தாளெல்லாம் கீதாடி?" என்று கேட்டாள். என் படத் தாள்கள் இருந்தன. ஆனால் அவளுடைய கணக்கு தாளில் இல்லை. மறுபடி உட்கார்ந்து எழுதலாமே என்றேன். பார்க்கலாம் என்றாள். அப்புறம் சட்டென்று அவள் முகம் மாறியது. "இருடி. அத்தினி பேரு ஊட்டுக்கு வந்தாங்களே. எல்லாருக்கும்தானே போட்டுக் காட்னேன். கடையிலயும் கெடந்திச்சு. எவனாவது ஒருத்தன் காப்பி சுட்டு வெச்சிருப்பான்."

அடுத்த ஞாயிறு அவளும் நானும் தேடிக் கிளம்பினோம். ஆவடி மார்க்கெட் பக்கம் இருந்த கடையில் ஆரம்பித்தோம். அக்காவைப் பார்த்ததும் கடைக்காரர் எழுந்து நின்றார். கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். அலமாரியைத் திறந்து அவர் போட்ட காப்பிகளைப் பெருமையாகக் காட்டினார். வரிசை வரிசையாகச் சண்டை, துப்பாக்கி, கார். அக்கா ஒவ்வொரு கேசட்டையும் எடுத்துப் பார்த்தாள். எங்களுடையது இல்லை. பூந்தமல்லியிலும் அதே மரியாதை, அதே கலர், அதே அலமாரி. ஒரு கடைக்காரர் தன் மனைவியைக் கூப்பிட்டு, "இவுங்கதான் நமக்கு வழி காட்னவங்க, கால்ல உழு" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியாக நசரத்பேட்டை. அந்தக் கடைக்காரர் இளைஞர், கலகலப்பாகப் பேசுகிறவர். அக்கா அலமாரியை முழுக்கப் பார்த்து முடித்துவிட்டு அவரிடமே கேட்டாள். "தம்பி, என் ஊட்டுக்கு வந்தப்ப ஒரு கேம் காட்னேனே. ஒரு பொம்பள டிபன் பாக்ஸ எடுத்துகினு ஓடுவாளே. அத்த நீ காப்பி எடுத்து வெச்சியா? எடுத்திருந்தா ஒண்ணும் சொல்லமாட்டேம்பா. சும்மா சொல்லு."

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. சிரித்தார். "அதுவா! ஐயய்யோ, இல்லக்கா. அத்தப் போயி எவன்கா திருடுவான்?"

பழி தன்மேல் விழுந்துவிடக் கூடாதே என்கிற அவசரத்தில் சொன்னார். அக்காவும் சிரித்துவைத்தாள். கலர் வேண்டாம் என்றாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நான் அவளுக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்று பார்த்தேன். வாய்க்கு வந்ததெல்லாம் அவர்களைத் திட்டுகிற வார்த்தைகள்தான். எனக்கும் அந்த எருமை போய்விட்டது, என் பெயர் போய்விட்டது.

அக்காதான் பேசினாள். "ஊர்ல கீற எல்லாத்தையும் திருடினாங்கடி. என்னுத மட்டும் ஒருத்தனும் திருடல."

சொல்லிவிட்டு, பஸ்ஸில் அத்தனை பேர் பார்க்க அழுதாள்.